இல்லங் குளிர்வித்தலும் மின்சக்திச் சிக்கனமும்

மலைநாடு என்றவுடன் குளிரை நினைப்பது பிறர் வழக்கம். நுவரெலியாவைக் கண்டு மீண்டவர், தேயிலை விளையும் இடமெல்லாம் கம்பளி போர்த்தும் இடமென்று எண்ணிவிடுகின்றனர். சப்பிரகமுவத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த நமக்கு உண்மை வேறு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறைகின்றது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆனால் 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை எனப்படும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலையிற் பெரும்பகுதி அவ்வகையினதே. றப்பர் தோட்டங்களோ இன்னுந் தாழ்ந்த நிலத்தன. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கின்றது. மாசி, பங்குனி மாதங்களில் வெயிலும் புழுக்கமும் ஒருங்கே கூடி மக்களை வருத்துகின்றன.

இதனை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நமது பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும், மத்திய கிழக்கு நாடுகளிலும், இங்கிலாந்திலும், கனடாவிலும் தொழில் புரிகின்றனர். அவர்களுட் சிலர் தம் பெற்றோர்க்கு இரத்தினபுரியிலோ, பலாங்கொடையிலோ, எட்டியாந்தோட்டையிலோ புதிய இல்லம் அமைத்துக் கொடுத்துள்ளனர். அவ்வில்லத்துக்குக் குளிரூட்டும் பொறி ஒன்றையும் வாங்கித் தர அவர்கள் விழைவது இயல்பே. தாம் வாழும் நாட்டிற் கண்ட மத்திய குளிரூட்டியை, அஃதாவது ஒரே பொறியினால் வீடு முழுவதையுங் குளிர்விக்கும் அமைப்பை, இங்கும் பொருத்தலாமா என்று அவர்கள் வினவுகின்றனர். நல்ல வினாவே. ஆயினும் பொறியைப் பரிசளிப்பவர் ஒருவர். மாதந்தோறும் மின்கட்டணப் பட்டியலைச் செலுத்துபவர் மற்றொருவர். ஓய்வூதியத்தில் வாழும் தாய் தந்தையர், மகன் மனம் வருந்துமே என்று கட்டணத்தின் பாரத்தை அவனுக்குச் சொல்வதும் இல்லை. பொறியை மெல்ல நிறுத்திவிட்டுப் பழையபடி புழுக்கத்திலேயே துயில்வர். இந்நிலை நேராவண்ணம் பொறியைத் தெரிவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பொறியின் வரலாறு

குளிரூட்டும் பொறி மனிதரின் சுகத்துக்காகத் தோன்றியதன்று. 1902-ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தினாற் கடதாசி விரிவதும் சுருங்குவதுமாக இருந்தது. ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறம் சரியாகப் பதியவில்லை. அக்குறையை நீக்குமாறு பணிக்கப்பெற்ற வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர், குளிர்ந்த குழாய்களின்மேற் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைக் கறந்தெடுக்கும் முறையை வகுத்தார். ஆகவே இப்பொறியின் முதற்பணி ஈரத்தை நீக்குதலே. இவ்வுண்மையை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்வருவன பலவும் இதனையே பற்றி நிற்கின்றன.

பொறியின் ஆற்றலைத் ‘தொன்’ என்னும் அளவினாற் கூறுவர். அது பொறியின் எடை அன்று. பொறி தோன்றுவதற்கு முன், பனிக்கட்டியே குளிர் தரும் பண்டமாக விளங்கியது. அமெரிக்க வணிகரான பிரடெரிக் ரியூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றி 1833-இற் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் அதற்கெனக் கட்டப்பட்ட ஐஸ்ஹவுஸ் என்னும் மாளிகையிலேதான், 1897-இற் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது. அக்காலத்து வழக்கைப் பின்பற்றியே, 2,000 இறாத்தல் பனிக்கட்டி ஒருநாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ அவ்வளவு வெப்பத்தை ஒருநாளில் வெளியேற்றும் ஆற்றலை ஒரு தொன் என்றனர். மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு, அஃதாவது 12,000 பி.ரி.யூ. என்பதும் அதுவே. கிலோவாற்றிற் கூறின் ஏறத்தாழ மூன்றரை. கடைகளில் 9,000, 12,000, 18,000, 24,000 என எழுதப்பட்டிருக்கும் எண்கள் இவ்வளவையே குறிக்கும்.

புழுக்கத்தின் தன்மை

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்க்குப் புழுக்கத்தின் இயல்பை விளக்குவது எளிது. கொழுந்து வாட்டும் மாடத்தில் இரு வெப்பமானிகள் அருகருகே தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றொன்றின் குமிழ் ஈரத்துணியினாற் சுற்றப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகுதியானால் காற்று உலர்ந்தது. கொழுந்து விரைவில் வாடும். வேறுபாடு குறைந்தால் காற்று நீராவியால் நிறைந்தது. சூடேற்றிய காற்றைச் செலுத்தினாலன்றிக் கொழுந்து வாடாது. டீமேக்கர் நாள்தோறும் இவ்வேறுபாட்டைப் பார்த்தே வேலையை நடத்துகின்றார். மனித உடலும் ஒருவகையில் அக்கொழுந்தைப் போன்றதே. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கின்றது. வேறுபாடு குன்றிய இரவில் வியர்வை ஆவியாவதில்லை. வெப்பமானி 27 பாகையே காட்டினும் நமக்கு உறக்கம் வருவதில்லை.

காற்றில் நிற்கும் நீர் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள அறையில் ஏறத்தாழ 30 கனமீற்றர் காற்று உண்டு. வெப்பநிலை 30 பாகையும் ஈரப்பதன் 80 விழுக்காடும் ஆயின், அக்காற்றில் முக்கால் லீற்றர் அளவு நீர் ஆவியாக நிற்கும். அதனை 24 பாகையும் 55 விழுக்காடுமாக மாற்ற வேண்டின் அந்நீரிற் பாதியைப் பொறி வடித்தெடுக்க வேண்டும். கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாக மணிக்கு ஒருமுறை வெளிக்காற்று நிறையுமாயின், ஒவ்வொரு மணியும் மூன்றிலொரு லீற்றருக்கு மேற்பட்ட நீரைப் புதிதாக வடிக்க நேரும். ஆவியை நீராக்குவதற்கு வேண்டிய இவ்வுழைப்பை மறைவெப்பச் சுமை என்பர். நமது மாவட்டத்திற் பொறி கூடுதலாக உழைக்க நேர்வது இதனாலேயே.

கடைகளிற் குறைந்த விலைக்கு விற்கப்படும் நீர்த்தொட்டி விசிறிகளைப் பற்றியும் ஒரு சொல். நனைந்த திரையினூடாகக் காற்றை ஊதி அதனைக் குளிர்விப்பதே அவற்றின் முறை. எவ்வளவு முயன்றாலும் ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே அவை காற்றைக் குளிர்விக்கமாட்டா. மழைக்கால இரவில் இரு வெப்பமானிகளுக்கும் இடையே ஒரு பாகையோ இரண்டு பாகையோதான் வேறுபாடு இருக்குமாயின், அவ்வளவே கிடைக்கும் குளிர்ச்சி. அடைத்த அறையிற் புழுக்கம் முன்னிலும் மிகும்.

எனினும் அம்முறை எங்குமே பயனற்றதென்று கொள்ளலாகாது. கேகாலை மாவட்டத்துத் துல்கிரியவில் 2008-ஆம் ஆண்டில் மாஸ் நிறுவனம் துருலி என்னும் ஆடைத் தொழிற்சாலையை அமைத்தது. அமெரிக்காவில் வகுக்கப்பட்ட லீட் என்னும் பசுமைக் கட்டிடத் தரவரிசையில் மிக உயர்ந்த பிளாட்டினம் நிலையைப் பெற்ற கட்டிடம் அது. ஆங்குத் தொழிலாளர் வேலை செய்யும் கூடங்களுக்குக் குளிர்பதனப் பொறியை நாடாது, நீர் ஆவியாதலாற் குளிர்ந்த காற்றையே பெருமளவிற் செலுத்துகின்றனர். கட்டிடம் வெயிலுக்கு முகங்கொடுக்கும் திசை, கூரை, நிழல் ஆகியன முதலிலேயே எண்ணி அமைக்கப்பட்டன. வேலை பகலில் நடப்பது. பகலில் இரு வெப்பமானிகளின் வேறுபாடு கூடியிருக்கும். காற்று கூடத்தில் தங்காது வெளியேறுகின்றது. ஆகவே முறை பொருந்திற்று. நமது மாகாணத்தில் நமது வெயிலின் கீழேயே, எந்த இடத்துக்கு எந்த முறை என்று ஆராய்ந்து தெரிந்த சான்று இது. அம்முறையை அப்படியே படுக்கையறைக்குக் கொண்டுவருதல் பொருந்தாது. ஆராய்ந்து தெரிந்த அப்பண்பையே நாம் கைக்கொள்ளல் வேண்டும்.

வீடு முழுவதுமா, அறை மட்டுமா?

மத்திய குளிரூட்டி எவ்வாறு தொழிற்படுகின்றது? வெளியே ஒரு பெரும்பொறி. உள்ளே குளிர்ந்த குழாய்த்தொகுதியும் வலிய விசிறியும். அங்கிருந்து முகட்டுக்கும் கூரைக்கும் இடையே ஓடும் தகரக் காற்றுக்குழாய்கள் ஒவ்வோர் அறைக்கும் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும். வட அமெரிக்க வீடுகளுக்கு இது ஏற்றது. அவ்வீடுகள் பனிக்காலத்துக்காக இறுக்கமாக அடைக்கப்பட்டவை. சுவரிலும் கூரையிலும் வெப்பங்காக்கும் பஞ்சு திணிக்கப்பட்டவை. குளிர்காலத்திற் சூடான காற்றை அனுப்புவதற்கு அதே குழாய்கள் பயன்படுகின்றன. அங்கும், பொதுவான வீடுகளில், குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடுவரை இடுக்குகளிற் கசிந்து வீணாகின்றது என்பது அந்நாட்டு அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தார் கூறும் கணக்கு.

நமது வீடுகளின் இயல்பு முற்றிலும் வேறு. சன்னலுக்கு மேல் காற்றுத்துளைகள், ஓட்டுக்கூரையிற் சந்துகள், பகல் முழுவதும் திறந்து கிடக்கும் முன்கதவு. இவை காற்றோட்டத்தை நம்பிக் கட்டப்பட்டவை. வெள்ளையர் காலத்துத் துரை பங்களாக்களும் அகன்ற விறாந்தை, உயர்ந்த முகடு, நீண்ட இறவாணம் என்பவற்றையே நம்பின. இத்தகைய வீடு முழுவதையும் பொறியினாற் குளிர்விக்க முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். அன்றியும், குளிர்ந்த குழாய் ஈரமான கூரையிடையே ஓடும்போது அதன் புறத்தே நீர் துளிர்க்கும். உறை சற்றே கிழிந்தாலும் முகட்டுப் பலகையிற் பூஞ்சணம் பிடிக்கும்.

எண்களைக் கொண்டு ஒப்பிடுவோம். ஐந்து தொன் மத்திய பொறி ஒன்று இரவில் 8 மணிநேரம், சராசரியாகத் தன் ஆற்றலில் 60 விழுக்காட்டுக்குத் தொழிற்படுகின்றதெனக் கொள்வோம். குழாய்க்கசிவு 20 விழுக்காடு எனவும், பொறி ஓர் அலகு மின்சாரத்துக்கு நான்கு அலகு வெப்பத்தை வெளியேற்றும் எனவும் கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 790 அலகு மின்சாரம் செலவாகும். மக்கள் வழக்கில் யூனிற் எனப்படும் அலகே இது. அதே இல்லத்தில் உறங்கும் இரண்டு அறைகளுக்கு மட்டும் ஒவ்வொரு தொன் அளவில் இரண்டு நல்ல பொறிகளை, ஓரலகுக்கு ஐந்து அலகு வெப்பம் வெளியேற்றும் தரத்தன, அதே நேரம் இயக்கினால் 200 அலகளவே செலவாகும். ஆளில்லாத கூடத்தையும் சமையலறையையும் நள்ளிரவிற் குளிர்விப்பதனால் யாருக்குப் பயன்?

ஆகவே எமது துணிபு இது: நமது மாவட்டங்களின் சாதாரண இல்லங்களுக்கு மத்திய குளிரூட்டி வேண்டியதில்லை, உறங்கும் அறைக்குரிய தனிப்பொறியே தகும். விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்ட பங்களா, மருத்துவ நிலையம் போன்ற பல அறைக் கட்டிடங்களாயின், காற்றுக்குழாய் இன்றி ஒரே வெளிப்பொறியிலிருந்து பல உட்பொறிகளுக்குக் குளிர்பதன வாயுவை அனுப்பும் அமைப்பு உண்டு. 1982-இல் யப்பானின் டைக்கின் நிறுவனம் இதனை வெளியிட்டது. அங்கு ஒவ்வோர் அறையையும் வேண்டியபோது மட்டும் இயக்கலாம்.

அளவு தெரிதல்

பெரிய பொறி விரைவிற் குளிர்விக்கும், ஆதலாற் பெரியதே நன்று என்று எண்ணுவோர் பலர். வறண்ட நாட்டில் அதனால் அதிகத் தீங்கில்லை. நமது நாட்டில் உண்டு. அளவுக்கு மிஞ்சிய பொறி சில நிமிடங்களிலேயே வெப்பநிலையைத் தாழ்த்திவிட்டு நின்றுவிடும். காற்று குளிர்ந்த குழாயின்மேல் நெடுநேரம் ஓடினாலன்றி ஈரம் வடியாது. பொறி நின்றபின் குழாயில் ஒட்டிய நீரும் மீண்டும் ஆவியாகி அறைக்குள் வரும். முடிவில் அறை குளிர்ந்தும் ஈரமாயும் இருக்கும். போர்வை நசநசக்கும், அலுமாரியில் உள்ள உடுப்புகளிற் பூஞ்சணம் தோன்றும், மூட்டுவலியும் இழுப்பும் உள்ள முதியோர் துன்புறுவர். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்னும் பழமொழி இங்கும் பொருந்தும்.

சரியான அளவை அறிய, விற்பனையாளர் அறையின் நீள அகலத்தை மட்டும் கேட்டால் போதாது. மேற்குச் சுவரில் வெயில் படுகின்றதா, கூரை எதனால் ஆயது, முகடு உண்டா, சன்னல் எத்தனை, எத்தனை பேர் உறங்குவர் என்பனவற்றையும் கேட்டல் வேண்டும். இவற்றைக் கேளாது விலை சொல்பவரிடம் வாங்காதிருத்தல் நலம். முகடும் நிழலும் உள்ள சிறிய படுக்கையறைக்கு 9,000 பி.ரி.யூ. பொறியே பெரும்பாலும் போதும். அதே அறை வெறுந்தகரத்தின் கீழ் இருப்பின் 18,000 பி.ரி.யூ. பொறியும் நண்பகலில் திணறும்.

வினைத்திறன் என்னும் எண்

இனி, பொறியின் வினைத்திறனை அளக்கும் முறையை நோக்குவோம். பொறி வெப்பத்தை ஆக்குவதோ அழிப்பதோ இல்லை. உள்ளிருப்பதை வெளியே கொண்டுபோய் விடுகின்றது. கிணற்று நீரை இறைப்பது போன்ற செயல் அது. ஓர் அலகு மின்சாரத்துக்கு எத்தனை அலகு வெப்பத்தை வெளியேற்றுகின்றது என்பதே வினைத்திறன் விகிதம். மலிவான பொறியில் இது 3 அளவிலும், சிறந்த பொறியில் 5 அளவிலும் இருக்கும். ஆண்டு முழுவதும் மாறும் வெப்பநிலைகளைக் கருத்திற் கொண்டு கணித்த பருவகால விகிதம் இன்னும் நம்பத்தக்கது. இந்தியாவில் 2018 முதல் நட்சத்திர முத்திரை இப்பருவகால விகிதத்தை அடிப்படையாகக் கொண்டே வழங்கப்படுகின்றது.

இங்கு வெளிநாட்டு அன்பர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வட அமெரிக்காவில் இவ்விகிதத்தைக் கணிப்பவர் வெப்பத்தைப் பி.ரி.யூ.விலும் மின்சாரத்தை வாற்றிலும் அளப்பர். ஆதலின் அந்நாட்டுப் பொறியில் 14 என்று எழுதியிருப்பின், அதனை 3.4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 என்பது வரும். 14 என்பதைக் கண்டு நமது நாட்டுப் பொறியின் 5-ஐ இகழ்தல் கூடாது. மேலும் வட அமெரிக்க மின்சாரம் 60 சுழற்சியினது; நமது மின்சாரம் 230 வோல்ற்று, 50 சுழற்சியினது. அங்கிருந்து பொறியை அனுப்புவது பணத்தை வீணாக்குவதாகும்.

ஒரு தொன் பொறியை மேற்கூறியவாறு இரவில் 8 மணிநேரம் இயக்கினால், விகிதம் 3 ஆயின் மாதத்துக்கு ஏறத்தாழ 169 அலகும், விகிதம் 5 ஆயின் 101 அலகும் செலவாகும். வேறுபாடு 68 அலகு. பத்தாண்டிற் கணக்கிட்டால் 8,000 அலகுக்கு மேல். இதனை ரூபாயாக மாற்றும்போது ஒரு நுட்பம் உண்டு. நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. பாவனை கூடக் கூட ஓரலகின் விலையும் ஏறும். விளக்கு, குளிர்சாதனப்பெட்டி, நீர்ப்பம்பி ஆகியவற்றின் செலவுக்கு மேலாகச் சேர்வதே குளிரூட்டியின் செலவு. ஆதலால் அதன் அலகுகள் யாவும் உயர்ந்த படியின் விலையிலேயே விழும். பட்டியலின் மொத்தத் தொகையை அலகுகளால் வகுத்துச் சராசரி காண்பது தவறான முடிவைத் தரும். இறுதிப்படியின் விலையை 68-ஆற் பெருக்குக; வருவதே மாதச் சேமிப்பு. இரு பொறிகளின் விலை வேறுபாட்டை அதனால் வகுத்தால், எத்தனை மாதத்தில் அவ்வேறுபாடு மீளும் என்பது தெரியும். பொறியை இரவுதோறும் இயக்குவோர்க்குச் சிறந்த பொறியே இலாபம். ஆண்டில் இரண்டு மாதம் மட்டுமே இயக்குவோர்க்கு நடுத்தரப் பொறி போதும்.

வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் வகைப் பொறி நமது புழுக்கத்துக்கு ஏற்றது. அது அடிக்கடி நிற்பதில்லை. மெதுவாக நெடுநேரம் ஓடுவதால் ஈரத்தையும் வடிக்கும். வெப்பநிலையை 18 பாகைக்குத் தாழ்த்தி வைத்துக்கொண்டு போர்வை தேடுவது அறிவுடைமை அன்று. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மீதமாகும் என்று இந்தியாவின் எரிசக்தித் திறன் பணியகம் கூறுகின்றது. 2020 தை முதல் அந்நாட்டில் விற்கும் அறைக் குளிரூட்டிகள் 24 பாகையிலேயே தொடங்குமாறு விதிக்கப்பட்டுள்ளது. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் பெரும்பாலோர்க்கு இனிய துயில் வரும்.

நமது இடத்துக்குரிய எச்சரிக்கைகள்

தோட்டப்புறங்களில் மின்கம்பி நெடுந்தூரம் ஓடி வருகின்றது. மாலையில் யாவரும் விளக்கேற்றும்போது மின்னழுத்தம் தாழ்வதுண்டு. தாழ்ந்த அழுத்தத்திற் பழைய வகைப் பொறியின் அமுக்கி சூடேறிக் கருகும். ஆகவே எவ்வளவு அழுத்தம்வரை பொறி தாங்கும் என்பதை வாங்குமுன் கேட்டறிக. பொறிக்கெனத் தனிக்கம்பியும், புவித்தொடுப்பும், தன்னியக்க ஆளியும் அமைத்தல் இன்றியமையாதது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகுந்த மாவட்டம் நமது. மின்னற் காப்பும் வேண்டும்.

இரத்தினபுரியிற் களுகங்கை பெருக்கெடுப்பது புதிதன்று. 2003-ஆம், 2017-ஆம் ஆண்டு வெள்ளங்களை எவரும் மறவார். ஆற்றங்கரை இல்லங்களில் வெளிப்பொறியை நிலத்தில் வைக்காது, வெள்ளக்கோட்டுக்கு மேலே சுவரிற் பொருத்துக. அது நிழலில் இருப்பின் மின்சாரமும் குறையும். வடியும் நீரைத் தேங்கவிடாது குழாய்வழி ஓடையிற் சேர்க்க வேண்டும். தேங்கினால் டெங்கு நுளம்புக்கு நாமே இடங்கொடுத்தவராவோம்.

குளிர்பதன வாயுவையும் பார்த்தல் வேண்டும். ஆர் 22 என்னும் பழைய வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987-இன் மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகளிலும் அது 2030 அளவில் நீக்கப்பட வேண்டியது. அவ்வாயுவில் இயங்கும் பழைய பொறியை மலிவென்று வாங்கினால், பழுது நேரும்போது வாயு கிடைப்பது அரிதாகும். ஆர் 410ஏ ஓசோனுக்குத் தீங்கற்றதேனும் புவியை வெப்பமாக்குவதிற் கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 2,000 மடங்கு வலியது. ஆர் 32 அதில் மூன்றிலொரு பங்கே. எனினும் அது சிறிதளவு தீப்பற்றக்கூடியதாகையாற் பயின்றவரே அதனைக் கையாளல் வேண்டும். அத்தகையோர் நமது நகரத்தில் உளரா என்பதை விசாரித்தபின்னரே பொறியின் பெயரைத் தீர்மானித்தல் நன்று.

பொறிக்கு முன் கூரை

இவ்வளவுங் கூறியபின், யாவற்றுக்கும் முற்பட்ட ஒன்றைக் கூறாது விடின் கட்டுரை நிறைவுறாது. வெயிற்காலத்து நண்பகலிற் பழைய தகரக்கூரை 60 பாகைக்கு மேலும் சூடேறும். அதன்கீழ் இருப்பவர் தலைமேல் அடுப்பை ஏற்றியவர் போல்வர். அக்கூரையைச் சீர்செய்யாது பொறியைப் பொருத்துதல், அடுப்பை அணைக்காது பானையை விசிறுவதற்கு நிகராம். வெளியே வெண்ணிறப் பூச்சு, உள்ளே முகடு, முகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்று ஓட வழி, மேற்குச் சுவருக்கு மரநிழல். இவை மின்சாரம் கேளாதவை. வாங்கும் பொறியின் அளவையும் இவை குறைக்கும். இந்தியாவிற் தெலுங்கானா மாநில அரசு 2023-இற் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையே வகுத்து, இத்தகைய கூரைகளை மாநிலமெங்கும் பரப்ப முனைந்தது. மின்விசிறியும் எளிய துணை. மெல்லிய காற்று உடலிற் படின் ஏறத்தாழ 3 பாகை குறைந்தாற்போல உணர்வோம். பழைய விசிறி 75 வாற்று அளவு மின்சாரம் கொள்ளும்; புதிய வகை விசிறி 30 வாற்று அளவே கொள்ளும்.

இதனை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் இன்னொன்று. நமது கல்லூரியில் இன்று பயிலும் மாணவருட் பலர் லயத்துக் காம்பராவிலிருந்தே வருகின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முதுகோடு முதுகு ஒட்டிய வரிசையாயின் பின்சுவரிற் சன்னலும் இல்லை, மேலே வெறுந்தகரம். மாலையிற் பாடம் படிக்க அமரும் பிள்ளைக்கு அக்கூரை பகலெல்லாம் சேர்த்த வெப்பத்தைத் திருப்பித் தருகின்றது. அவர்களுக்குக் குளிரூட்டி பற்றிய ஆராய்ச்சி எட்டாத செய்தி. ஆனால் வெண்பூச்சும், முகடும், சிறிய விசிறியும் எட்டாதவை அல்ல. தனிவீடுகள் எல்லார்க்கும் கிடைக்கும் நாள்வரை, அவற்றையேனும் செய்தல் கூடும்.

எனவே ஒரு முயற்சியை முன்வைக்கின்றோம். கல்லூரிப் பௌதிகவியல் மாணவர், ஒரே லயத்தின் இரு காம்பராக்களில், ஒன்று வெண்பூச்சும் முகடும் உடையதாகவும் மற்றது உள்ளபடியும் இருக்க, உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைத் தொங்கவிட்டு ஒரு கோடைகாலம் முழுவதும் அளந்து பதிவாராக. பூச்சுக்கும் முகட்டுக்கும் ஆகும் செலவைப் பழைய மாணவர் ஏற்பாராக. பயன் எத்தனை பாகை என்பது நமது சொந்த அளவையால் தெரியவரும். அவ்வெண்ணைக் கையிற் கொண்டு தோட்ட நிருவாகத்தாரிடமும் பிரதேச சபையிடமும் பேசலாம். பெற்றோர்க்குக் குளிரூட்டி வாங்க எண்ணியிருக்கும் அன்பரும் முதலிற் கூரையைச் சீர்செய்து, ஓராண்டு பொறுத்து, அதன்பின்னும் வேண்டுமாயின் உறங்கும் அறைக்குச் சிறிய, வினைத்திறன் மிக்க பொறி ஒன்றை வாங்குவாராக. பெரிய பொறிக்கும் சிறிய பொறிக்கும் உள்ள விலை வேறுபாடு, மேற்கூறிய காம்பராக்கள் சிலவற்றின் கூரைக்குப் போதுமானதாகும்.